வைட் லென்ஸ் வாங்கப்போகிறீர்களா: டோக்கினா, சிக்மா, டம்ரோன் பற்றி என் கணிப்பு

கனொன், நிக்கொன் கமரா வைத்திருப்பவர்கள் அகன்ற கோணத்தில் எடுக்கிற வைட் லென்ஸ் தேடத் தொடங்கினால், கமராக் கம்பெனியே செய்த கம்பெனி லென்ஸா, அதே கமராவுக்கு வேறொருவர் செய்த வெளிக் கம்பெனி லென்ஸா என்ற கேள்வியில் வந்து நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்கு வழமையாகக் கிடைக்கிற பதில், "காசிருந்தால் கம்பெனி, இல்லாட்டி சிக்மா". ஒரு காலத்தில் சரியாக இருந்த பதில்தான், இன்றைக்குப் பொருந்தாது. மலிவுக்காக வெளிக் கம்பெனி லென்ஸ் வாங்க வேண்டிய தேவை 2014 ஓடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. கமராக் கம்பெனி செய்யாமல் விட்ட ஒரு லென்ஸை டோக்கினாவோ சிக்மாவோ டம்ரோனோ செய்திருந்தால், அதற்காக மட்டும் அவர்களிடம் போகலாம் என்பது என் கட்சி.

முதலில் எவ்வளவு வைட் வேண்டும் என்று பார்ப்போம். கமராவோடு வருகிற கிட் லென்ஸின் 18 மில்லிமீற்றர் என்பது சின்ன சென்சர் உள்ள நிக்கொன், சோனி க்ரொப் பொடிகளில், பெரிய (ஃபுல் ஃப்ரேம்) சென்சர்க் கணக்குக்கு 1.5 ஆல் பெருக்க 27, கனொனில் 1.6 ஆல் பெருக்க ஏறக்குறைய 29. கோணமாகச் சொன்னால் கிட்டத்தட்ட 76 பாகை. அதே பொடியில் 11 க்கு இறங்கினால் 104 பாகை, 10 க்கு இறங்கினால் 109. ஒரு மில்லிமீற்றர்தானே என்று நினைக்க வேண்டாம், தூரத்தைக் கிட்டக் கொண்டுவருகிற டெலி லென்ஸில் ஒரு மில்லிமீற்றர் ஒன்றுமேயில்லை, இந்தப் பக்கத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். பழைய நாற்சார் வீடொன்றின் முற்றத்தில் ஒரு தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்துப் பாருங்கள்: 18 இல் எதிர்த் திண்ணையும் இரண்டு தூணும் வரும். 10 இல் இரண்டு பக்கத்துத் திண்ணையும், ஓட்டுத் தாழ்வாரமும், மேலே திறந்திருக்கிற வானமும் எல்லாம் ஒரே படத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் படத்துக்குள் அடக்கத்தான் வைட் லென்ஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் ஒரு மாதத்தில் விற்க வருவார்கள். நல்லூர்த் தேரன்று வீதியோரம் தூர நின்று 10 இல் எடுத்தால் தேர் நடுவில் சின்னனாக நிற்கும், மிச்சமெல்லாம் வெள்ளை மணலும் மற்றவர்களின் போன்களும்தான். இந்த லென்ஸுக்குக் கிட்டப் போக வேண்டும். வடம் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு முழம் தள்ளி, வடத்தை முன்னுக்கு வைத்து எடுத்தால், அந்தக் கயிறே படத்துக்குள் உங்களை இழுத்துக்கொண்டு போய்த் தேரடியில் விடும். கமராவைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் கோபுரம் பின்னுக்குச் சாயும், அது கம்பெனியின் குறையல்ல, எந்த லென்ஸும் அப்படித்தான். கமராவை மட்டமாகப் பிடித்துக் கீழே கூடுதலாக மணலை விட்டு எடுத்து, பிறகு வெட்டுங்கள். (கோயிலுக்குள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் உள்வீதிக்கு எந்த லென்ஸ் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

ஆட்களை எடுக்கும்போது இன்னும் கவனம். சாமத்திய வீட்டில் குடும்பப் படத்தை 11 இல் எடுத்துவிட்டு, ஓரத்தில் நின்ற மாமியிடம் பேச்சு வாங்காத போட்டோக்காரர் இங்கே இல்லை. "என்ன தம்பி, என்ரை கையை யானைத் தும்பிக்கை மாதிரி ஆக்கிப்போட்டீர்?" நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டுகிற எந்த வைட் லென்ஸும் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கமாக இழுக்கும். ஆயிரக்கணக்கான டொலர் லென்ஸும் இழுக்கும். மெல்லிய பிள்ளைகளை ஓரத்தில் விடுவது ஒரு தந்திரம், 16 க்கு மேலே போவது அதைவிட நல்ல தந்திரம். இதனால்தான் வைட் ஸூம் மேல் பக்கத்தில் எவ்வளவுக்குப் போகிறது என்பதும் முக்கியம், எல்லாரும் கீழ்ப் பக்கத்து எண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

சரி, லென்ஸ்களுக்கு வருவோம்.

மலிவு என்ற பேச்சை முடித்தவை இரண்டு கம்பெனி லென்ஸ்கள். 2014 இல் கனொன் 10-18 ஐ (10 முதல் 18 மில்லிமீற்றர் வரை போகிற ஸூம்) 299 டொலருக்குக் கொண்டுவந்தது. 240 கிராம் எடை, கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர் உண்டு, முன்னால் பூட்டுகிற பில்டர் 67 மில்லிமீற்றர். 2017 இல் நிக்கொனும் ஏஎஃப்-பி 10-20 என்று ஏறக்குறைய அதே விலையில், 230 கிராமில், ஸ்டெபிலைசரோடு ஒன்றை விட்டது. இரண்டிலும் கமராவில் பூட்டுகிற மவுண்ட் பிளாஸ்டிக், கையில் எடுத்தால் பெறுமதி இல்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் பகல் வெளிச்சத்தில் எஃப் 8 இல் (எஃப் எண் லென்ஸின் வாய் திறக்கிற அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எது விலை கூடிய லென்ஸ் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். கீரிமலை, கோட்டை, காரைநகர்க் கடற்கரை என்று குடும்பத்தோடு போய்ப் படம் எடுப்பவர்களுக்கு இதற்கு மேலே எதுவும் தேவையில்லை, இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுப் போகலாம். நிக்கொன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏஎஃப்-பி லென்ஸ்கள் டீ90 மாதிரியான பழைய பொடிகளில் ஃபோகஸ் ஆகாது, வாங்க முதல் உங்கள் கமரா மொடல் நிக்கொனின் பொருந்தும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியென்றால் டோக்கினா எதற்கு? எஃப் 2.8 க்கு. க்ரொப் டீஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கமரா) பொடிகளுக்கென்று எஃப் 2.8 வைட் ஸூம் ஒன்றைக் கனொனும் செய்யவில்லை, நிக்கொனும் செய்யவில்லை. 2008 இல் டோக்கினா 11-16 ஐச் செய்தது, அந்த ஒரு லென்ஸால் கலியாண வீட்டுக்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரு பெயர் வந்தது, இன்றைக்கும் இங்கே செகண்ட் ஹாண்டில் ஆட்கள் தேடுகிற வைட் அதுதான். எஃப் 2.8 என்பது எஃப் 4.5 ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சம், எஃப் 5.6 ஐவிட நான்கு மடங்கு. கனொன் 10-18 இல் 18 இல் நிற்கும்போது 6400 ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) கேட்கிற இடத்தில், டோக்கினா 1600 ஓடு வேலையை முடித்துவிடும். பழைய க்ரொப் பொடியில் அந்த வித்தியாசம் சீலையின் சரிகை தெரிகிறதா, மண் தூவினது போல இருக்கிறதா என்பதாக வந்து நிற்கும். ஸ்டெபிலைசர் இதற்குப் பதிலாகாது. முற்றத்துத் தூண் அசையாது, அதைக் கால் விநாடி திறந்து வைத்தும் எடுக்கலாம். தாலி கட்டுகிற கை நிற்காது.

நான் கூடுதலாகப் பாவிப்பதும் டோக்கினா 11-16 தான், இரண்டாவது பதிப்பு, நிக்கொன் டீ7100 இல். அரைக் கிலோவுக்கு மேலே, கையில் இரும்புத் துண்டொன்றைப் பிடித்திருக்கிற உணர்வு. ஃபோகஸ் வளையத்தை முன்னுக்குத் தள்ளினால் ஓட்டோ, பின்னுக்கு இழுத்தால் "டக்" என்று மனுவல். தனியாக ஒரு சுவிட்ச் தேடத் தேவையில்லை, வீடியோக்காரர்களுக்கு நல்ல விருப்பம். மணவறையைச் சுற்றி நாலு பேர் முட்டிக்கொண்டு நிற்கும்போது ஆரோ ஒருவரின் முழங்கை பட்டு அந்த வளையம் பின்னுக்கு வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். மனுவலில் நிற்கிறது என்று தெரியாமல் தொடர்ந்து அமத்திக்கொண்டிருப்போம். வேலை தொடங்க முன் வளையத்தைப் பெருவிரலால் ஒருக்கால் முன்னுக்குத் தள்ளிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அதன் பெரிய பலவீனம் எதிர்வெளிச்சம். வெயில் படத்துக்குள் வந்தால், அல்லது வீடியோக்காரரின் எல்ஈடி விளக்கு ஓரத்தில் நின்றால், பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் படத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பனையோலை வானத்தோடு முட்டுகிற இடங்களில் ஊதாக் கரையும் தெரியும், அது ஒரு கிளிக்கில் கம்பியூட்டரில் போகும், புள்ளிகள் போகா. பண்ணைப் பாலத்தில் நின்று சூரியன் விழுவதை எடுப்பதுதான் உங்கள் பொழுதுபோக்கு என்றால் இந்த லென்ஸ் உங்களைக் கோபப்படுத்தும். இருட்டு வானத்துக்கு மாறாக அருமை. மணல்காட்டுப் பக்கம் இரவில் போய் 11 இல், எஃப் 2.8 இல், 25, 30 விநாடி திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் பெரிதாகக் கோடு இழுக்காமல் பால்வீதி வரும்.

11-16 இன் இன்னொரு குறை, ஸூம் என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. 16 இல் முடிந்துவிடுகிறது, குடும்பப் படத்துக்கு லென்ஸ் மாற்ற வேண்டும். 2015 இல் வந்த 11-20 அதைத்தான் திருத்தியது, எஃப் 2.8 அப்படியே, எடையும் அப்படியே, பில்டர் மட்டும் 77 இலிருந்து 82 ஆகிவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் யோசிக்காமல் 11-20 ஐ எடுங்கள்.

இங்கே விற்பனைக்கு வருகிற 11-16 களில் முதல் பதிப்பு நிறைய. நிக்கொன் மவுண்டில் அதற்குள்ளே மோட்டார் இல்லை. டீ90, டீ7000 வரிசைப் பொடிகளுக்குள் மோட்டார் இருப்பதால் பிரச்சினையில்லை. டீ3000, டீ5000 வரிசைக்காரர்கள் வாங்கிப் பூட்டினால் ஃபோகஸ் அசையாது, விற்றவரோடு சண்டை பிடிப்பார்கள், லென்ஸில் ஒரு பிழையும் இருக்காது. உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராவான நிக்கொன் மிரர்லெஸுக்கு மாறி எஃப்டீஸெட் அடாப்டர் வாங்கினாலும் இதே கதைதான், அதற்குள்ளும் மோட்டார் இல்லை. இருந்தாலும் விலை நல்லதாக இருந்தால் பயப்படாதீர்கள்: 11 இல் எஃப் 2.8 வைத்து இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே ஃபோகஸை நிறுத்திவிட்டால், ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் அப்பாலிருந்து அடிவானம் வரை எல்லாம் போதுமான அளவு கூர்மையாக இருக்கும். எஃப் 8 க்குப் போனால் முக்கால் மீற்றரில் நிறுத்தலாம், அரை மீற்றர்கூடத் தள்ளி இல்லாத பூவும் பின்னால் நிற்கிற கோபுரமும் சேர்ந்து வரும். வைட் லென்ஸில் ஓட்டோஃபோகஸ் இல்லாமல் வாழலாம். 200 மில்லிமீற்றரில் இதைச் சொல்லமாட்டேன்.

சிக்மா 10-20 இரண்டு வகை. 2005 இல் வந்த எஃப் 4 முதல் 5.6 வரையானது, 2009 இல் வந்த முழுக்க எஃப் 3.5 ஆனது. சத்தமில்லாத மோட்டார் உள்ளேயே இருக்கிறது, அதனால் டீ3000 வரிசையிலும் ஃபோகஸ் ஆகும், அந்தக் காலத்தில் இங்கே இது இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். நிறம் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாயும் என்பது பலரின் அபிப்பிராயம், எனக்கு அது தொந்தரவாகப்பட்டதில்லை. ஆனால் இன்றைக்கு முதல் வகையை வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அதே அளவு வெளிச்சம், இரண்டு மடங்கு எடை, ஸ்டெபிலைசர் இல்லை, கனொனின் 10-18 உம் நிக்கொனின் 10-20 உம் அதைவிட மேல். எஃப் 3.5 ஐ ஆராவது மலிவாகத் தந்தால் பார்க்கலாம், 82 பில்டர் விலையையும் கணக்கில் வையுங்கள். 8-16 என்று ஒன்றையும் சிக்மா 2010 இல் விட்டது, 8 மில்லிமீற்றர் என்பது பைத்தியக்கார வைட், ஒரு அறைக்குள் நின்று அறை முழுவதையும் எடுக்கலாம். முன் கண்ணாடி வெளியே புடைத்திருப்பதால் பில்டர் போட முடியாது. குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவுக்குப் போகிற படகில் அடிக்கிற உப்புத் தண்ணி நேரே அந்தக் கண்ணாடியில்தான் விழும். எனக்கு வேண்டாம்.

டம்ரோன் 10-24 இன் பழைய பதிப்பை விட்டுவிடுங்கள், ஓரங்கள் மென்மை, 24 இல் இன்னும் மென்மை. 2017 இல் வந்த புதியது வேறு சாமான். ஸ்டெபிலைசர், ஈரம் புகாத கட்டு, 440 கிராம், வெளிவந்தபோது 499 டொலர். 24 வரை போவதால் மாமிமாரின் பிரச்சினை தீர்ந்தது, ஒரே லென்ஸோடு ஒரு கோயில் திருவிழாவை முடிக்கலாம். காலையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, லென்ஸ் மாற்றாமல், தூசி உள்ளே போகாமல் பொழுதுபடத் திரும்ப வேண்டுமென்றால் இது. இருட்டு மண்டபத்துக்கு இது டோக்கினாவாகாது. ஸூம் வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: டம்ரோனும் டோக்கினாவும் நிக்கொன் சுற்றுகிற பக்கமே சுற்றும், சிக்மா கனொன் பக்கம். சின்ன விஷயம் என்று தோன்றும், தவில் உச்சத்துக்குப் போகிற நேரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டு நிற்கும்போது அப்படித் தோன்றாது.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். இங்கே வெளிக் கம்பெனிதான் முதல் தெரிவு. சோனி ஏ6000 வரிசைக்குச் சோனியின் வைட் ஸூம்கள் எஃப் 4 ஓடு நிற்கின்றன. டம்ரோன் 2021 இல் 11-20 எஃப் 2.8 ஐ 335 கிராமில் கொண்டுவந்தது, சிக்மா 2023 இல் 10-18 எஃப் 2.8 ஐ 260 கிராமில், 599 டொலருக்குக் கொண்டுவந்தது. டோக்கினாவின் பாதி எடையும் இல்லை, அதே வெளிச்சம், 10 இலிருந்து தொடக்கம், பில்டர் வெறும் 67. நண்பரொருவரின் ஏ6400 இல் சிக்மாவைப் போட்டு எடுத்துப் பார்த்த பிறகு என் டோக்கினாவைத் தூக்கவே அலுப்பாக இருந்தது. எதிர்வெளிச்சத்திலும் எவ்வளவோ மேல். இரண்டிலும் ஸ்டெபிலைசர் இல்லை, ஏ6400 பொடியிலும் இல்லை, அதனால் நடந்து நடந்து வீடியோ எடுப்பவர்கள் கமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீடியோவில் முகம் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குச் சிக்மாவின் 10 கைகொடுக்கும், கலியாண வீட்டுக்கு டம்ரோனின் 20 கூடுதல் வசதி. எனக்குச் சிக்மா.

கனொனின் மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப்புக்கு நீண்ட காலம் ஓட்டோஃபோகஸ் உள்ள வெளிக் கம்பெனி லென்ஸ் வாங்குவது கஷ்டமாக இருந்தது, கனொன் கதவைச் சாத்தி வைத்திருந்தது. 2024 இல் க்ரொப் பொடிகளுக்குத் திறந்துவிட்டார்கள், சிக்மா 10-18, டம்ரோன் 11-20 இரண்டும் அந்த மவுண்டிலும் வருகின்றன. ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் பழைய கதையை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபுல் ஃப்ரேம் சோனிக்காரருக்கு டம்ரோன் 17-28, சிக்மா 16-28 இரண்டும் அரைக் கிலோவுக்குள், எதை எடுத்தாலும் பழுதில்லை.

வாங்குகிற விதம்தான் இங்கே பெரிய சிக்கல். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறின பிறகு புது லென்ஸின் விலையைக் கேட்கவே பயம். அதனால் பாதிப் பேர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வருகிற சொந்தக்காரரின் சூட்கேஸை நம்பியிருக்கிறோம். நல்ல வழிதான், ஆனால் வாரண்டி வாங்கின நாட்டோடு நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சித்தப்பா, நிக்கொன் மவுண்ட்" என்று வாயால் சொல்லாமல் மொடல் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள், பெட்டியின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு காசு கட்டச் சொல்லுங்கள். அவருக்கு எல்லா டோக்கினாவும் ஒன்றுதான்.

செகண்ட் ஹாண்ட் என்றால் முதலில் பங்கசு, கண்ணாடிக்குள் வளர்கிற பூஞ்சணம். கடற்காற்றும் மாரி மழையும் இருக்கிற ஊரில் அலுமாரிக்குள் தூங்கின லென்ஸ் எல்லாவற்றிலும் சந்தேகம் வையுங்கள். அபேச்சரை (லென்ஸின் வாயை) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஸூமைச் சுற்றும்போது நறநற என்றால் உள்ளே மணல்.

பிறகு ஓரங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வைட் ஸூம்களில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மற்றப் பக்கம் மங்கலாகவும் இருக்கிற கொப்பிகள் வரும், உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு சரிந்திருந்தாலே போதும். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு முன்னால் நேராக நின்று, நடுக் குவிமாடம் சரியாகப் படத்தின் நடுவில் வரும்படி, அபேச்சரைத் திறந்தபடி ஒன்றும் எஃப் 8 இல் ஒன்றும் எடுங்கள். இடது ஓரத்து யன்னலையும் வலது ஓரத்து யன்னலையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரேயளவு மென்மை என்றால் அது லென்ஸின் இயல்பு, எஃப் 8 இல் சரியாகும். ஒன்று கூர்மை, மற்றது எஃப் 8 இலும் கஞ்சி என்றால் அந்தக் கொப்பி பழுது, "ஐயாயிரம் குறைச்சுத் தாறன் அண்ணை" என்று விற்கிறவர் சொன்னாலும் எடுக்காதீர்கள். இந்த வேலையைச் செய்து பார்க்க விடாமல், இப்போதே காசைத் தந்து எடுத்துக்கொண்டு போ என்று அவசரப்படுத்துகிறவரிடம் எந்த லென்ஸும் வாங்க வேண்டாம்.